மிஸ்ஃபயருக்கு அரை மணி நேரம்

சாம்பியன் ரீஃப்ஸ்,
கோலார் தங்க வயல்.
17 நவம்பர் 2024

அன்புள்ள எலைன் அக்காவுக்கு,

உன் தங்கை ரெபேக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. எனக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்று. அப்பா சுகமா இல்லையா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு என்று சொல்லி என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்பது உனக்கே தெரியும். அதனால் இரண்டு பேரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எலி ஓடினால்கூடக் காகிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறேன். நாளை விடிகாலை, உன் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டு பார்வதம்மா அக்கா இதை டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அப்பாவும் அதே மாரிக்குப்பம் ரயிலில்தான் வேலைக்குப் போகிறார். அவரைப் பற்றிய புகார் அவருடனே ஒரே பெட்டியில் பெங்களூர் வரை போகும்.

உனக்குத் தெரிந்த அதே பைத்தியம்தான். ஆனால் நீ போன பிறகு அது வளர்ந்துவிட்டது. ரயிலில் போக வர நான்கு மணி நேரமும் அந்த வீடியோக்கள்தான். சூரியன் உள்ளே எரியவில்லையாம், வெளியிலிருந்து வரும் கரண்டில் பல்பு மாதிரி எரிகிறதாம். நிலாவில் இருக்கும் பள்ளமெல்லாம் கல் விழுந்து ஆனதில்லை, ஒரு காலத்தில் கிரகத்துக்குக் கிரகம் மின்னல் அடித்துக்கொண்டபோது உண்டான தழும்பாம். செவ்வாயில் இருக்கும் பெரிய பள்ளத்தாக்கு வெல்டிங் ராடு இழுத்த கோடாம்.

போன வாரம் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "கல்லு சாய்வா வுழுந்தா பள்ளம் நீட்டமா இருக்கணும் இல்ல? எல்லாம் ரவுண்டா கீது. இன்னா அர்த்தம்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அவ்ளோ வேகத்துல வந்தா கல்லு குத்தாதுப்பா, வெடிக்கும். தாத்தா மைன்ல வெடி வெச்ச மாதிரி. எந்தப் பக்கம் சாய்ச்சு வெச்சாலும் வெடிச்சா ரவுண்டாதான் ஆகும்" என்றேன்.

"பாத்தியா பியாட்ரிஸ், வெடினு அவளே ஒத்துக்கினா! அப்போ நெருப்பு வெச்சது யாரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே என்னை முறைத்தாள். "குடிக்கல, சீட்டாடல, சம்பளத்த கொண்டாந்து கையில குடுக்கறாரு. நிலாவுல பள்ளம் எப்படி ஆனா உனக்கு இன்னாடி?"

எல்லாமே பொய்யாக இருந்தால் பதில் சொல்லிவிடலாம் அக்கா. கரண்டு ஏறிச் சூடான வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னல் பிளாஸ்மா, வெல்டிங் பொறி பிளாஸ்மா, சூரியனின் உடம்பே பிளாஸ்மா. இதெல்லாம் என் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பத்து உண்மையைச் சொல்லிவிட்டுப் பதினொன்றாவதாக இந்தப் பொய்யைச் சேர்க்கிறார். மறுத்தால் பேச்சை மைனுக்குக் கொண்டுபோய்விடுகிறார். "தங்கம் தீந்துபோச்சுனு சொன்னதும் படிச்ச எஞ்சினியருங்கதான். நம்பினோம், மூடிட்டுப் போயிட்டாங்க. இப்போ மைன் மண்ணு டம்புல தங்கம் கீதுனு பேப்பர்ல போடறான். படிச்சவன் சொல்றத நான் இன்னாத்துக்கு நம்பணும்?" அதற்கு மேல் நான் என்ன பேச?

பேச்சோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். ராபர்ட்சன்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து உடைந்த மைக்ரோவேவ் அடுப்புகளை வாங்கி வந்து, பின்புறத் துணி துவைக்கும் இடத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார். அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டரையும் வைத்துப் பொறி உண்டாக்கி, களிமண் தட்டில் நிலாவின் பள்ளத்தைச் செய்து காட்டப் போகிறாராம். சர்ச் ஹாலில் கிறிஸ்மஸ் மரம் விழா நடக்கும் டிசம்பர் 21 அன்று பாஸ்டர் ஐயா இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பெத்லகேம் நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ காட்டப் போகிறார் என்று பாஸ்டர் ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவைப் பொறுத்தவரை அந்த நட்சத்திரமும் ஒரு பொறிதான்.

அவர் விளக்கம் சொல்வார். பக்கத்தில் நின்று நான் ஸ்விட்ச் போட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போ. நீ சொன்னால் கேட்பார்.

உன் அன்புத் தங்கை,
ரெபேக்கா


பெங்களூர்,
21 நவம்பர் 2024

என் ரெபாவுக்கு,

உன் கடிதம் இட்லி வாசனையோடு வந்து சேர்ந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் சொன்னால் கேட்பாரா? போன வருஷம் பங்காரப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாரா? மாப்பிள்ளையின் மாமா கிளமெண்ட் ஒரு காலேஜில் இயற்பியல் நடத்துகிறார் என்று தெரிந்ததும் அப்பாவின் முகம் பிரகாசித்ததே, நினைவிருக்கிறதா? நான் காபித் தட்டோடு நிற்கிறேன், "சார், சூரியன் உள்ளாற எரியுதுனு நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார். அவர் சிரித்தார். "சம்பளத்துக்குப் பொய் சொல்றவங்க சிரிக்கத்தான் செய்வாங்க" என்றார் உன் அப்பா. பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்று இரவு அவர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் போதும். "அந்த ஆளுக்குப் பதில் தெரியல, பாத்தியா" என்றுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு வரும்வரை அந்த வாசற்படியை நான் மிதிப்பதாக இல்லை.

ஆனால் உன் கையில் ஒரு ஆயுதம் தருகிறேன். சூரியன் உள்ளே எரிகிறது என்பதற்குச் சாட்சி நியூட்ரினோ. எதையும் துளைத்துக்கொண்டு போகிற மிகச் சிறிய துகள் அது. சூரியனின் நடுவில் பிறந்து நம்மிடம் வருகிறது. அதை முதலில் பிடித்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? நம் சாம்பியன் ரீஃப் மைன்தான். 1965-இல் ஏழாயிரம் அடிக்குக் கீழே கருவி வைத்துப் பிடித்தார்கள். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெருமை. "உங்கள் அப்பா வேலை செய்த குழியே உங்கள் பேச்சைப் பொய் என்கிறது" என்று சொல். பதில் இருக்காது.

நன்றாகப் படி. இதற்கெல்லாம் அழாதே.

அக்கா,
எலைன்


சாம்பியன் ரீஃப்ஸ்,
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆயுதம் என் காலிலேயே விழுந்தது.

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. பிறகு, "யாரு சொன்னா?" என்றார். உன் பெயரைச் சொல்ல முடியுமா? "தாமோதரன் சார்" என்று என் சயின்ஸ் வாத்தியார் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேராக என் பள்ளிக்கு வந்துவிட்டார் அக்கா. செக்யூரிட்டி சூப்பர்வைசர் யூனிஃபாரத்தோடு. வகுப்பு முழுக்க எட்டிப் பார்க்கிறது. தாமோதரன் சார் நல்ல மனிதர். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சொல்லிவிட்டு மெனக்கெட்டு விளக்கமும் கொடுத்தார். நம் மைனில் பிடித்த நியூட்ரினோ சூரியனிலிருந்து வந்ததில்லையாம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேலே காற்றில் மோதும்போது பிறந்தவையாம். சூரியனிலிருந்து வருவதை வேறு நாடுகளில், வேறு கருவிகளில் பிடித்தார்கள் என்றும், அதனால் சூரியன் உள்ளேதான் எரிகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அப்பாவின் காது முதல் பாதியோடு அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து, "நம்ம குழியில புடிச்சது சூரியனுது இல்லியாம்! இவ சார் பேர வெச்சுப் பொய் சொல்லிருக்கா! பொய் இல்லாம இவங்களுக்குப் பேச வராது!" என்று அம்மாவிடம் ஒரே ஆர்ப்பாட்டம். 'இவங்களுக்கு' என்றால் விஞ்ஞானிகளும் நானும்.

நீ தேடிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கக் கூடாதா? ஊரில் சொல்வதை அப்படியே எழுதிவிட்டாய். இனி நான் எது சொன்னாலும் இந்த வீட்டில் செல்லாது.

மெஷின் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒத்திகை. நான் ஸ்விட்ச் போட்டேன். படீர் என்று நீலமாக ஒரு பொறி. காற்றில் கூர்மையான ஒரு வாசனை. களிமண்ணில் சின்னதாக, வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது. சுற்றிலும் மெல்லிய கோடுகள். அக்கா, நிலாவில் இருப்பதைப் போலவேதான் இருந்தது. அப்பா மண்டி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவரிடம் எதையும் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தோசைக் கல்லிலும்தான் வட்டமாக விழுகிறது, அதற்காக நிலா தோசையா என்று பிறகு தோன்றியது.

இரண்டாம் தடவை ஸ்விட்ச் போட்டேன். பொறி வரவில்லை.

"மிஸ்ஃபயர்! யாரும் அசையாத!" என்றார்.

அந்தச் சட்டம் உனக்கும் தெரியும். ஏனோக் தாத்தா அண்டர்கிரவுண்டில் வெடி வைக்கும் பிளாஸ்டராக இருந்த காலத்திலிருந்து நம் வீட்டுக்குப் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. வைத்த வெடி வெடிக்கவில்லை என்றால் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. அரை மணி ஆனால் போகலாம். குக்கர் விசில் வராவிட்டாலும் அரை மணி நேரம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பட்டாசு புஸ்ஸென்று போனாலும் அரை மணி நேரம். அம்மா கோபமாக இருந்தால்கூட அப்பா, "மிஸ்ஃபயர், அரை மணி கிட்ட போவாத" என்பார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தார். அரை மணி ஆனதும் எழுந்து போய் வெறும் கையால் ஒயரைத் தொட்டுச் சரிசெய்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எனக்கு ஏனோ பயம் போகவில்லை. ஹால் பெரியது என்பதால் இன்னும் நான்கு கெப்பாசிட்டர் சேர்க்கப் போகிறாராம். உன் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுது. இந்தத் தடவை சரியாகக் கேள்.

ரெபேக்கா


பெங்களூர்,
3 டிசம்பர் 2024

என் ரெபாவுக்கு,

நியூட்ரினோ விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அவரை ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதிவிட்டேன்.

இப்போது எழுதுவதைச் சரியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் மிஷின்களைப் பார்க்கும் மாணிக்கராஜ் என்ற எஞ்சினியர் இருக்கிறார். நின்றுபோகும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியைப் பழுது பார்ப்பவர். அதற்குள்ளும் கெப்பாசிட்டர்தான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். அரை மணி நேரம் என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மேடம், அந்த மனுஷன் இன்னும் உயிரோட இருக்கறது அதிர்ஷ்டம்" என்றார்.

கவனமாகப் படி. வெடிமருந்துத் திரி உள்ளே புகைந்துகொண்டே இருந்து தாமதமாக வெடிக்கலாம். அதற்காகத்தான் மைனில் காத்திருந்தார்கள். கெப்பாசிட்டர் அப்படி இல்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் கரண்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். சிலவற்றில் அது தானாக வடிந்துபோக வழி வைத்திருப்பார்கள். போன தடவை அப்படி வடிந்திருக்கும். அந்த வழி கெட்டுப்போயிருந்தால் வெளியே பார்த்தால் தெரியாது. பழைய இரும்புக் கடையில் வாங்கியதில் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்குத் தெரியும்? அரை மணி கழித்தும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். பொறி வராதபோதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் உள்ளே போனது வெளியே வரவில்லை. ஒருவேளை நின்றுபோனால் யாரும் தொடக் கூடாது. தெரிந்த ஆள் வந்து இரண்டு முனையையும் குறுக்கே இணைத்துக் காலி செய்ய வேண்டும்.

அப்பாவிடம் சொல். அம்மாவிடம் சொல். நீ மட்டும் அதன் பக்கத்தில் போகாதே.

எலைன்


சாம்பியன் ரீஃப்ஸ்,
10 டிசம்பர் 2024

அக்கா,

சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா: "போன தபா சூரியன்னு சொன்ன. இந்தத் தபா கெப்பாசிட்டரா? இத எந்த சார் சொன்னாரு?" உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நான் எழுதுவது தெரிந்துவிடும், உன்னிடமிருந்து வருகிற இந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும். "புக்குலயே இருக்குப்பா" என்றேன். "எங்கப்பா முப்பது வருசம் வெடி வெச்சாரு. ஒரு வெரலு போகல. அரை மணின்னா அரை மணி. இதுல உன் புக்கு பேசாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா: "நான் சொன்னா கேக்கற மனுசனா அவரு? இன்னிக்கா எனக்குப் பழக்கம்?"

பாஸ்டர் ஐயாவிடம் ஆராதனை முடிந்ததும் போய் நின்றேன். நான் பேசி முடிப்பதற்குள், "அப்பாவுக்கு ஒத்தாசையா இரும்மா, எத்தனை ஆர்வமான மனுஷன்" என்று தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டார்.

பிளக்கைக் கழற்றி ஒளித்து வைத்தேன். வேறு வாங்கி வந்துவிட்டார்.

நீ வா அக்கா. 21-ஆம் தேதி சனிக்கிழமை, மத்தியான ரயிலில் வந்தாலும் போதும். அப்பாவோடு நீ பேச வேண்டாம். மன்னிப்பு கேட்கச் சொல்லி நானும் அவரிடம் சண்டை போடுகிறேன், பிறகு. அன்றைக்கு ஹாலில் வந்து நில். நீ நர்ஸ், பெரியவள், நான்கு பேருக்கு முன்னால் நீ "தொடாதீங்க" என்றால் மற்றவர்களாவது பிடித்து நிறுத்துவார்கள். நான் சொன்னால் சின்னப் பெண் உளறுகிறாள் என்பார்கள்.

அவர் பைத்தியமாகவே இருக்கட்டும். எனக்கு அவர் இருக்க வேண்டும்.

ரெபேக்கா


பெங்களூர்,
16 டிசம்பர் 2024

ரெபா,

அன்றைக்கு எனக்கு டியூட்டி. மாற்றிக் கேட்டால் கிடைக்கும்தான், உன்னிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹாலுக்குப் பங்காரப்பேட்டைக்காரர்களும் வருவார்கள். அவர்கள் முன்னால் திரும்பவும் அவருடைய மகளாக நிற்க என்னால் முடியாது. உனக்கு இது இப்போது புரியாது.

கூட வைத்திருக்கும் தாளில் மாணிக்கராஜ் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். பாக்கெட்டில் வைத்துக்கொள். அன்றைக்குக் காலையில் வயிற்று வலி என்று படுத்துவிடு. நீ இல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

அக்கா


சாம்பியன் ரீஃப்ஸ்,
22 டிசம்பர் 2024

எலைன் அக்காவுக்கு,

நான் படுக்கவில்லை. நான் இல்லாவிட்டால் அவரே ஸ்விட்ச் போடுவார், அவரே தொடுவார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஹால் நிறையக் கூட்டம். பாட்டு, நாடகம் எல்லாம் முடிந்த பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். நீலச் சட்டை போட்டிருந்தார். மேஜை மேல் மெஷின், களிமண் தட்டு, பின்னால் கறுப்புத் துணி. கிளமெண்ட் மாமா இரண்டாம் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், அவர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா நன்றாகத்தான் பேசினார். பெத்லகேமுக்கு வந்த சாஸ்திரிகள் வானத்தில் பார்த்த வெளிச்சம், மின்னல், நிலா என்று ஒன்றோடு ஒன்றைக் கோர்த்துக்கொண்டே போனார். பாஸ்டர் ஐயாவின் முகத்தில் மட்டும் மெல்லச் சந்தேகம் வந்தது. அப்பா விளக்குகளை அணைக்கச் சொன்னார். "பாப்பா, போடு" என்றார்.

போட்டேன். உர்ர் என்று உறுமியது. பொறி இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த உறுமலும் நின்றுவிட்டது.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "பர்னபாஸ் மாமா, நட்சத்திரம் லீவா?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினான். ஒரே சிரிப்பு. அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "மிஸ்ஃபயர். அரை மணி நேரம். யாரும் கிட்ட வராதீங்க" என்றார். விளக்கைப் போட்டார்கள். அக்கா, கூட்டத்தில் பாதிப் பேர் மைன்காரர்கள் வீட்டு ஆட்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த அரை மணியில் கேக் கொடுத்தார்கள், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் இன்னும் இரண்டு பாட்டுப் பாடினார்கள். அப்பா மேஜைக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, தொடாதீங்க. அதுல கரண்டு நிக்கும்பா. அரை மணி ஆனாலும் நிக்கும்."

"எல்லாரும் பாக்கறாங்க. சும்மா இரு."

"அப்பா, ப்ளீஸ்."

"உனக்கும் அந்தக் கிளமெண்டுக்கும் நான் தோத்தா போதும், இல்ல?"

அரை மணி ஆனது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு மேஜைப் பக்கம் நகர்ந்தார். உன் தாள் என் பாக்கெட்டில் இருந்தது. எடுத்துப் படிக்க நேரமில்லை. அதில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்தான், அதில் ஒன்றும் உதவவும் இல்லை. நான் எப்படி அவருக்கு முன்னால் போனேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் தொடறேன்" என்றேன்.

"நவுரு."

"அரை மணி ஆச்சு இல்லப்பா? ஒண்ணும் ஆகாது இல்ல? அப்போ நானே தொடறேன். எந்த ஒயரு, இதுவா?"

கையை நீட்டினேன். முழுசாக நீட்டினேன் அக்கா, நடிப்பு இல்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் நான் கீழே விழுந்துவிட்டேன். இப்போதும் அந்த இடம் கன்றிப்போயிருக்கிறது.

"நீ வாணாம்" என்றார்.

"ஏன் வாணாம்?"

அப்பா என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"உங்களுக்கு ஆகாதுன்னா எனக்கும் ஆகாது. சொல்லுங்கப்பா, ஏன் வாணாம்?"

அம்மா எங்கேயோ எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது. அப்பா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மெஷினைப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு சுவரோரம் போய், ஸ்டார் கட்டுவதற்கு வைத்திருந்த நீள மூங்கில் கொம்பை எடுத்து வந்தார். நுனியில் இரும்புக் கொக்கி இருக்கும். எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். தூரத்தில் நின்றபடி, நான் முன்பு சொன்ன மாதிரியே கொக்கியை மெஷினின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டார்.

வெடி வெடித்த மாதிரி சத்தம். வெள்ளையாக ஒரு வெளிச்சம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொக்கியின் நுனி உருகிப்போயிருந்தது.

சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் நட்சத்திரம். பாஸ்டர் ஐயா "ஸ்தோத்திரம்" என்றார். அப்பா மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது கிளமெண்ட் மாமாதான். அப்பா குடித்து முடிக்கும்வரை டம்ளரை அவர் பிடித்துக்கொண்டார்.

உனக்குத் தெரிய வேண்டிய மீதியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? "அரை மணி கழிச்சும் கரண்டு அப்படியே நின்னுச்சு, பாத்தியா பியாட்ரிஸ்? ஒரு டப்பாவுலயே நிக்குதுன்னா நிலாவுல நிக்காதா?" அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலை ஆராதனைக்குக் கிளம்பும்போது கேட்டார். "கெப்பாசிட்டர் சமாச்சாரம் உனக்கு யாரு சொன்னா? நெசமா சொல்லு."

சொல்லிவிட்டேன். "எலைன் அக்கா. கடிதம் எழுதிக்கறோம். சூரியன் சமாச்சாரமும் அவதான்."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஷூ கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் உன் பெயரை அவர் வாயால் கேட்டேன். "எலைனுக்கு எத்தினி மணிக்கு டூட்டி முடியும்?" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ எழுதியதெல்லாம் சரியாக இருந்தது. நியூட்ரினோவைத் தவிர. ஆனால் அந்த ஹாலில் எனக்குச் சரியான கடிதம் தேவைப்படவில்லை, நீ தேவைப்பட்டாய். தப்பாகவே பேசுகிற ஒருவர்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். இனிமேல் ஒளிந்து எழுத மாட்டேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பேச வேண்டுமானால் கூப்பிடு, அப்பா பக்கத்தில் இருக்கும்போதும் எடுப்பேன்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை காலையில் உன் கைக்கு வரும். அன்று மாலை அப்பா உன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வருவார். மன்னிப்புக் கேட்பார் என்று நம்பி வராதே, அவருக்கு அந்த வார்த்தை வராது. முதலில் நிலாவைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். பத்து நிமிடமாவது ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு கேள்.

வெளியே வா அக்கா. அதை மட்டும் செய்.

ரெபேக்கா